சேலையின் மற்ற நுனி

அந்தப் புதன்கிழமை பைரூஸ் புடவை மாளிகையின் சேலை மாடியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே தாங்களும் இருந்ததாக இப்போது ஊரில் சொல்லிக்கொள்பவர்களையெல்லாம் ஒன்றாக ஏற்றினால் அந்த மாடி தாங்காது. இருந்தவர்கள் இவர்கள்தான்: சேலைப் பகுதியில் வேலை செய்யும் விதுர்ஷா, அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கும், காத்தான்குடியைச் சேர்ந்த றஸீனா, முகாமையாளர் ஹலீம், மகனின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க வாழைச்சேனையிலிருந்து வந்த அன்னப்பூரணி, அந்த மகன் உதயரூபன், விதுர்ஷாவின் தாய்மாமனும் செட்டிபாளையத்துக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருமான அருமைநாயகம். ஓட்டோ ஓட்டும் நிலோஜன், அருமைநாயகம் மறந்துவிட்டுப் போன குடையோடு படியில் பாதி ஏறி, கண்ணை மட்டும் மாடிக்குள் விட்டவன். அவனை அரை ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு மட்டும் அவன் பத்து ஆள்.

செட்டிபாளையத்தில் அருமைநாயகத்தின் குடும்பத்தைத் தெரியாதவர் இல்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவர் நேற்றுக் குடிவந்தவராக இருக்க வேண்டும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கும் குடி அவர்களுடையது. அதைச் சொல்லிக் காட்டும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை. மற்றவர்கள் மறந்துவிட்டால் நினைவூட்டுவார்கள், அவ்வளவுதான். அருமைநாயகம் குனிந்து யாரும் பார்த்ததில்லை. சாமிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவாரே தவிர, அரைகுறையாகக் குனியமாட்டார்.

விதுர்ஷா அவருடைய ஒரே தங்கை இலட்சுமிப்பிள்ளையின் மூத்த மகள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவள். பட்டம் பெற்ற பிறகு அரசாங்க நியமனம் வரும் என்று வீட்டில் இருந்தாள். நியமனம் வரவில்லை. தகப்பன் கட்டார் நாட்டில் வேலை, வீட்டில் கடைசிச் சொல் தாய்மாமனுடையது. தாய்மாமனின் கடைசிச் சொல், பொறுத்திரு என்பதுதான். பொறுத்துப் பொறுத்து, வீட்டுக் கூரையின் ஓடுகளைக்கூட எண்ணி முடித்துவிட்ட ஒரு நாளில், மட்டக்களப்புப் பட்டணத்துப் பெரிய புடவைக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கூடப்படித்தவள் ஒருத்தி சொன்னாள். இவள் போய்க் கேட்டாள், கிடைத்துவிட்டது.

இதை அண்ணனிடம் சொல்லும் பொறுப்பு இலட்சுமிப்பிள்ளையின் தலையில் விழுந்தது. பொய் சொல்லும் எண்ணம் அந்த மனுசிக்கு இருக்கவில்லை. “பெரிய புடவைக்கடையில” என்று தொடங்கியதும் அண்ணனின் புருவம் மேலே ஏறுவதைக் கண்டார். வாய் தானாகவே “கணக்குப் பகுதி” என்று முடித்துவிட்டது. கணக்கு என்றால் மேசை இருக்கும், நாற்காலி இருக்கும், பட்டத்துக்கு ஒரு மரியாதை இருக்கும். புருவம் இறங்கியது. அன்று இறங்கிய புருவத்தை மீண்டும் ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதே தாய்க்கும் மகளுக்கும் ஒரு தனி வேலையாகிவிட்டது.

உண்மையில் விதுர்ஷாவுக்கு மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. சேலை மாடியில் வேலை செய்பவர்கள் வாடிக்கையாளர் இருக்கும்வரை உட்காரக்கூடாது. வாடிக்கையாளர் எப்போதும் இருந்தார்கள். காலை முதல் மாலை வரை விரிப்பதும் மடிப்பதும்தான். வெள்ளை விரிப்பின்மேல் பட்டைச் சடாரென்று உதறி விரிக்க வேண்டும். கரை வெளிச்சத்தைப் பார்த்து விழ வேண்டும். தோளில் போட்டுக் காட்டு என்றால் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு குன்று உயரத்துக்குச் சேலை விரித்த பிறகு, “பாத்திட்டு வாறம் மகள்” என்று எழும்பிப் போவார்கள். போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். முதல் வாரம் அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பாரமாக இருந்தது. பிறகு அதுவும் கைக்கு வந்தது.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஒரு குடும்பம் படியேறி வரும்போதே, அதில் முடிவு எடுக்கிற ஆள் யார் என்று அவள் கண்டுபிடிப்பாள். அதிகம் பேசுகிறவர் ஒருநாளும் அந்த ஆள் இல்லை. சில வேளை அது சுவரோரம் நிற்கிற மருமகளாக இருக்கும், சில வேளை தகப்பனின் தோளில் தூங்குகிற குழந்தையாகக்கூட இருக்கும். குழந்தை எழும்பி அழுதால் வியாபாரம் முடிந்தது. அந்த ஆளுக்குக் காட்ட வேண்டும் சேலையை. றஸீனாவுக்கே இது வியப்பு. “இவக்கு ஆக்கள் காய்கறி மாதிரி, பாத்தோடனே முத்தலா பிஞ்சா எண்டு தெரியும்” என்று ஹலீமிடம் சொல்லிச் சிரிப்பார்.

கணக்குப் பகுதிப் பொய் உடைந்தது கோயிலில்தான். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளிவீதியில் நின்றபோது, களுதாவளையிலிருந்து வந்திருந்த ஒருவர் அருமைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மனம் நிறையப் பாராட்டினார். உங்கள் மருமகளுக்கு எவ்வளவு பொறுமை, என் மனைவி கடையிலிருந்த சேலை முழுவதையும் விரிக்கவைத்துப் பார்த்தாள், அந்தப் பிள்ளை முகம் சுளிக்கவில்லை, நல்ல வளர்ப்பு என்றார். அருமைநாயகம் அதை நின்று கேட்டார். நன்றி என்றும் சொன்னார். அந்த நன்றியைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்கும் அந்தக் கோயில் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.

அவர் தங்கையிடம் எதுவும் கேட்கவில்லை. நேரில் காணாத ஒன்றைப் பற்றிப் பேசுவதில்லை என்பது அவருடைய கொள்கை. புதன்கிழமை காலை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த சால்வையோடு நிலோஜனின் ஓட்டோவை மறித்து ஏறினார். எங்கே என்று நிலோஜன் கேட்டான். பட்டணம் என்றார். என்ன விசயம் என்று கேட்டான். கல்லடிப் பாலம் வரும்வரை அதற்குப் பதில் வரவில்லை. பாலத்தில் ஏறியபோது, பிள்ளையைக் கூட்டி வரப் போகிறேன் என்றார். வாவியில் அப்போது ஒரு தோணிகூட அசையவில்லை என்று நிலோஜன் பிறகு சொன்னான். அவன் அப்படித்தான் சொல்வான்.

மாளிகையின் கீழ்த்தளத்தில் ஒரு சிறு சம்பவம். விறைப்பாக, வெள்ளை உடுப்போடு, தூணின் அருகே நின்று அறிவிப்புப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, பிள்ளைகளின் உடுப்பு எங்கே ஐயா என்று ஒரு பெண் கேட்டார். அருமைநாயகம் பலகையில் இருந்ததைப் பார்த்து, முதலாம் மாடி என்றார். அதன் பின் ஆண்கள் உடுத்தும் சாரம் எங்கே என்று ஒருவர் கேட்டார். அதுவும் பலகையில் இருந்தது. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. மூன்றாவதாக ஒருவர் தள்ளுபடி உண்டா என்று கேட்டபோதுதான் அவர் படியேறத் தொடங்கினார்.

மேலே நிலைமை வேறு விதமாக இருந்தது. அன்னப்பூரணியும் மகனும் காலையிலிருந்து கூறை பார்க்கிறார்கள். விரிப்பின்மேல் சிவப்பும் அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகப் பட்டு குவிந்து கிடந்தது. அரக்குச் சிவப்பில் அகலமான தங்கக் கரை வைத்த ஒன்றை அன்னப்பூரணி மூன்று தடவை கையில் எடுத்துவிட்டு, மூன்று தடவையும் கீழே வைத்துவிட்டார். பிடித்திருக்கிறது என்பது தெரிந்தது. எடுக்கிறேன் என்ற சொல்தான் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சேலையை வைத்த கையோடு கைத்தொலைபேசியைப் பார்த்தார். உதயரூபன் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கிறவன். இங்கே தாயின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றான்.

முடிவு எடுக்கிற ஆள் இங்கே இல்லை, அந்தத் தொலைபேசிக்குள் இருக்கிறார் என்று விதுர்ஷாவுக்கு விளங்கியது. மெல்லக் கேட்டாள். அன்னப்பூரணி அதற்காகவே காத்திருந்தவர்போலக் கொட்டினார். அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை வீட்டார் எடுக்கும் கூறையில், மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் முதல் கை வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் சுவிஸில். காணொளி அழைப்பில் வந்து, கை வைக்க முடியாவிட்டாலும் கண்ணாவது வைப்பதாகச் சொல்லியிருந்தார். இரவு வேலை முடித்துத் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. தொலைபேசி அடிக்கவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம். இந்த வாரத்தில் இதைவிட்டால் நல்ல நேரம் இல்லை, அடுத்த வாரம் கலியாணம்.

“அண்ணன் தம்பி இல்லாதவள் மாதிரித் தானாக் கூறை எடுத்தாள் எண்டு சம்பந்தி வீட்டில ஒரு சொல் வந்தா, நான் எங்க மகள் முகத்தை வைக்கிறது” என்றார்.

றஸீனா ஒரு வழி சொன்னார். விதுர்ஷா கூறையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கட்டும், தம்பி ஒரு படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பட்டும், எழும்பினால் பார்ப்பார், எழும்பாவிட்டால் நம் கடமை முடிந்தது. அதுவும் சரிதான் என்று விதுர்ஷா அரக்குச் சிவப்புக் கூறையை மடிப்பு வைத்துத் தோளில் இட்டு, கரையை முன்னே விரித்துப் பிடித்தாள். உதயரூபன் கைத்தொலைபேசியை உயர்த்தி, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னான். அன்னப்பூரணி தலையைச் சரித்துப் பார்த்து, கண் நிறைந்து நின்றார்.

அருமைநாயகம் கடைசிப் படியில் கால் வைத்தது அந்த நொடியில்தான்.

அவர் கண்டது இவ்வளவு: தன் தங்கை மகளின் தோளில் கலியாணக் கூறை. எதிரே ஓர் இளைஞன், அவளைப் படம் எடுக்கிறான். பக்கத்தில் அவனுடைய தாய், கண்கலங்கி நிற்கிறாள். சேலை விரிக்கிற வேலையிலிருந்து பிள்ளையைக் கூட்டிப் போக வந்த மனுசன், அந்த வேலையை முற்றாக மறந்துபோனார். கணக்குப் பகுதி ஒரு பொய் என்றால், அந்தப் பொய்க்குள் இன்னொரு பொய் இருந்திருக்கிறது. தாய்மாமன் ஒருவன் உயிரோடிருக்க, அவனிடம் ஒரு சொல் கேட்காமல், கடைக்குள் வைத்து ஒரு கலியாணம் நடக்கிறது.

கண்ணாடியில் அவரைக் கண்ட விதுர்ஷா கரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூறையைத் தோளிலிருந்து எடுக்கவும் முடியவில்லை; பட்டைத் தரையில் போட்டால் றஸீனா கொன்றுவிடுவார்.

அருமைநாயகம் அவளைப் பார்க்கவில்லை. நேரே அன்னப்பூரணியின் முன்னால் போய் நின்றார். கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தாலும், முதற் கேள்வி எது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை.

“நீங்க எந்தக் குடி?”

வெளியூரில் ஒரு கடைக்குள் இப்படி ஒருவர் கேட்டால் அடி விழும். மட்டக்களப்பில் அது முறையான கேள்வி. குடி என்பது தாய்வழி வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் ஊர் வேறானாலும், முகமே பார்த்திராவிட்டாலும், உடன்பிறப்பு முறை. அதற்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. அன்னப்பூரணி இந்த வெள்ளை வேட்டிக்காரரைக் கடையின் பெரிய முதலாளி என்று நினைத்துவிட்டார். கூறை எடுக்க வந்தவர்களிடம் குடி கேட்டு விற்கிற அளவுக்கு இவ்வளவு முறையான கடையா என்று மதிப்பு வந்துவிட்டது. கைகூப்பி, குடியின் பெயரையும் கோயிலின் பெயரையும் தாயின் தாய் பிறந்த ஊரையும் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. அது அருமைநாயகத்தின் குடி. ஆகவே விதுர்ஷாவின் குடியும் அதுவே என்பது போதும்.

அருமைநாயகத்தின் நிறம் கூறையின் நிறத்துக்கு வந்தது. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. சத்தம் குறையக் குறையத்தான் பயப்பட வேண்டும்.

“அண்ணன் தங்கச்சி முறையான ரெண்டு பிள்ளைகளுக்குக் கூறை எடுக்க நிக்கிறீங்க. பெரிய மனுசியாத் தெரியிறீங்க. உங்களுக்கு இது சரியாப் படுதா?”

அன்னப்பூரணி மகனைப் பார்த்தார். மகன் விதுர்ஷாவைப் பார்த்தான். விதுர்ஷா றஸீனாவைப் பார்த்தாள். மாடியிலே நடப்பது விளங்கியிருந்த ஒரே ஆள் றஸீனாதான், அவருக்கு இந்தக் குடியிலும் பங்கில்லை, கூறையிலும் பங்கில்லை. நிதானமாக முன்னே வந்தார்.

“ஐயா, கலியாணப் பொம்பிள களுவாஞ்சிகுடியில இருக்கா. இவ இஞ்ச வேல செய்யிறவ. போட்டுக் காட்டுறா.”

அருமைநாயகத்தின் வாழ்க்கையில், தான் பிழையாக விளங்கிக்கொண்டதை எட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை அதுவரை வந்ததில்லை. அவர் சால்வையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். அதற்குமேல் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு யோசிக்க வேண்டிய தேவை இல்லாமற் செய்தவர் அன்னப்பூரணி. அந்த மனுசியின் மனம் வெட்கத்தில் நிற்கவில்லை. அது கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது: அதே குடி, என்னைவிட வயது கூட, ஆண்.

“அப்ப நீங்க எனக்கு அண்ணன்” என்றார். மகனைத் தொட்டுக் காட்டினார். “இவனுக்குத் தாய்மாமன்.”

சுவரில் மணிக்கூடு பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் குறைவாகக் காட்டியது.

அருமைநாயகத்துக்குத் தப்ப வழி இருக்கவில்லை. முறை கேட்டவர் அவர். முறை சொன்னவர் அன்னப்பூரணி. ஒரு குடிப்பிறந்த தங்கை, நாலு பேர் முன்னிலையில், அண்ணன் கை வேண்டும் என்று கேட்டு அதை மறுத்தவன் என்று அந்தக் குடும்பத்தில் இதுவரை ஒருவன் இருந்ததில்லை. அவர் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

ஹலீம் இதற்குள் மேலே வந்துவிட்டார். கூறை எடுப்பவர்களுக்கென்று மாளிகையில் எப்போதும் ஒரு பித்தளைத் தட்டும் குங்குமச் செப்பும் வைத்திருப்பார்கள். வெற்றிலை வாங்க ஆளை ஓட்டினார். அருமைநாயகத்தைத் தானே கூட்டிப்போய்க் கை கழுவவைத்து, துவாய் நீட்டினார். கிழக்கு எந்தப் பக்கம் என்று அவர் கேட்க, கடல் பக்கம் என்று ஹலீம் கையைக் காட்டினார். அது கிழக்குக்கு வாய்த்த ஊர், அங்கே திசையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

விதுர்ஷா கூறையைப் புது மடிப்பு மடித்துத் தட்டில் வைத்து ஏந்தி நின்றாள். அருமைநாயகம் கிழக்குப் பார்த்து நின்று, கண்மூடி, வலக்கையைக் கூறையில் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து அன்னப்பூரணியின் கையில் கொடுத்தார். எத்தனையோ திருவிழாவில் சாமிக்குப் பரிவட்டம் எடுத்துக் கொடுத்த கை அது. உதயரூபன் காலில் விழுந்தான். அவனுடைய தலையைத் தொட்டு, நல்லா இருங்க மருமகன் என்றார். அன்னப்பூரணி உரக்க அழுதார், உடனே சிரித்தார், உடனே மகனைக் கீழ்த்தளத்துக்குத் துரத்தி ஒரு பட்டு வேட்டி வாங்கிவரச் செய்தார். முதல் கை வைத்த அண்ணனுக்குத் தங்கை வேட்டி கொடுக்க வேண்டும். அதுவும் அவர்கள் வழக்கம். வேண்டாம் என்று சொல்ல அருமைநாயகம் வாயைத் திறந்தார். தங்கையின் கையைத் தட்டினால் அது என்ன அண்ணன் என்று அன்னப்பூரணி கேட்டதும் மூடினார்.

படி இறங்கும் முன் அன்னப்பூரணி திரும்பி விதுர்ஷாவின் கன்னத்தைத் தடவினார். இவனுக்குக் கூடப்பிறந்த பெண்பிள்ளை இல்லை, கலியாணத்தன்று பொம்பிளையைக் கூறை உடுத்திக் கூட்டிவர ஒரு தங்கை வேண்டும், நீதான் வர வேண்டும் என்றார். கேட்டுவிட்டு அருமைநாயகத்தைப் பார்த்தார். அண்ணனாகிவிட்டவர் தலையாட்டத்தான் வேண்டும்.

அவர்கள் பன்னிரண்டு அடிக்கும் முன்னே புறப்பட்டுப் போய்விட்டார்கள். அருமைநாயகம் பெருமூச்சொன்று விட்டு, வந்த காரியத்துக்குத் திரும்பினார். “வா, போவம்” என்று சொல்ல வாயெடுத்தவர், மணிக்கூட்டைப் பார்த்தார். முள் இரண்டும் சேர்ந்துவிட்டிருந்தன. இராகுகாலம். இராகுகாலத்தில் அவர் வீட்டு வாசலைத் தாண்டிக் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டார். ஒன்றரை வரை அந்த மாடியில் அவர் இருந்துதான் ஆக வேண்டும்.

ஹலீம் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அருமைநாயகம் அதைப் பார்த்தார், விரிப்பின்மேல் கிடந்த பட்டுக் குவியலைப் பார்த்தார், அதன் நடுவே நிற்கிற மருமகளைப் பார்த்தார்.

“வேலை செய்யிற பிள்ளை நிக்கக்குள்ள நான் இருக்கிறதோ” என்றார். நாற்காலி திரும்பிப் போயிற்று.

றஸீனா மத்தியான ளுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டார். அந்த நேரத்தில் வேறு வாடிக்கையாளரும் இல்லை, மாடியில் மாமனும் மருமகளும் மட்டும். அவளுடைய மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டை அப்போதுதான் அவருடைய கண்ணில் பட்டது. அதில் விதுர்ஷா என்று மட்டும் இருந்தது. முதலெழுத்து எங்கே என்று கேட்டார். இங்கே யாருக்கும் முதலெழுத்துப் போடுவதில்லை என்றாள். தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரி ஒரு அட்டை என்று முணுமுணுத்தார்.

விதுர்ஷா நினைத்துப் பார்த்தாள். ஒன்றரை மணிக்கு இந்த மாடியை விட்டு இறங்கினால் திரும்ப ஏறுவது இல்லை. கூரை ஓடுகள் காத்திருக்கும். சொல்வதென்றால் இப்போது சொல்ல வேண்டும். அவள் ஒரு சேலையை எடுத்து நுனியைத் தேடிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

“கணக்குப் பகுதி எண்டது பொய் மாமா. அம்மாவைப் பேசாதீங்க, உங்கட புருவத்துக்குப் பயந்துதான் சொன்னவ. என்ட வேலை இதுதான். சேலை விரிக்கிறது, மடிக்கிறது. எனக்கு இது பிடிச்சிருக்கு.”

விதுர்ஷா மடிக்கத் தொடங்கினாள். கனத்த கரையுள்ள பட்டைத் தனி ஆளாக மடித்தால் கரை கோணும். எப்போதும் ஒரு நுனியை றஸீனா பிடிப்பார். அவள் தனியாக அதை நெஞ்சில் வைத்து அழுத்திப் பிடித்து, ஒரு கையை எட்டி நீட்டினாள். எட்டவில்லை. சேலையின் மற்ற நுனி நழுவி விரிப்பைத் தாண்டித் தரையை நோக்கிப் போயிற்று.

தரையில் விழவில்லை. அருமைநாயகம் பிடித்துவிட்டார்.

அவருடைய கோயிலில் கொடியேற்றத்துக்கு முன் கொடிச்சீலையை மடித்துவைப்பது வண்ணக்கரின் பொறுப்பு. அதன் கரை தரையில் பட்டால் அந்த வருடம் முழுவதும் ஊர் அதைப் பற்றிப் பேசும். துணியின் நுனி ஒன்று தரையை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்தக் கைகளால் முடியாது.

“கரையைச் சரியாப் பிடி” என்றார்.

“பிடிச்சிருக்கன் மாமா.”

“என்னத்தைப் பிடிச்சிருக்காய், கோணுது பார். இழு.”

அவள் இழுத்தாள். அவரும் இழுத்தார். பட்டு நேராக நின்றது. கரையோடு கரை சேர்த்து, இருவரும் நடந்து நெருங்கி, அவர் தன் நுனியை அவள் கையில் கொடுத்து, மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அடுத்த சேலையின் நுனியை அவரே தேடி எடுத்தார். மூன்றாவது சேலையில் பேச்சு வந்தது. அந்தக் களுதாவளைக்காரரின் மனைவி உண்மையிலேயே அவ்வளவு சேலை விரிக்கவைத்தாளா என்று கேட்டார். விதுர்ஷா, ஓம் மாமா, கடைசியில் முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சி வாங்கிக்கொண்டு போனா என்றாள். அருமைநாயகத்தின் வாயோரம் அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். கைலேஞ்சியையும் விரித்துக் காட்டினேன் என்றாள்.

அதற்குத்தான் சிரித்தார்.

நிலோஜன் குடையோடு படியேறியது அந்த நேரம். வேறொரு சவாரி கிடைத்துவிட்டது, குடையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன், பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தான். செட்டிபாளையத்து வண்ணக்கர், புடவை மாளிகையில், ஒரு முழுப் பட்டுச் சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, முன்னும் பின்னும் நடக்கிறார். பக்கத்து மேசையில் மாளிகையின் பையில் ஒரு புது வேட்டி. நிலோஜன் குடையைப் படியில் வைத்துவிட்டு இறங்கி ஓடினான். பாலத்தைக் கடக்கும் முன்பே மூன்று பேருக்கு அழைத்துச் சொல்லிவிட்டான்.

குவியல் முழுவதும் மடிந்து அலுமாரித் தட்டுக்குப் போனது. றஸீனா திரும்பி வந்தபோது இராகுகாலம் முடிந்திருந்தது. அடுக்கைக் கண்டு, இது யார் மடித்தது, இவ்வளவு நேராக என்று கேட்டார். விதுர்ஷா மாமாவைக் காட்டினாள். அருமைநாயகம் சால்வையை உதறித் தோளில் போட்டார். இனி “வா” என்று சொல்வார் என்று விதுர்ஷா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“நீ எங்க போறாய்?” என்றார். “உனக்கு எத்தனை மணிக்கு முடியும்?”

ஆறு மணிக்கு என்றாள்.

“வீட்டில இனி ஒருத்தரும் கணக்குப் பகுதி எண்டு சொல்லப்படாது. எங்கட குடும்பத்தில பொய் சொல்லிப் பழக்கம் இல்ல. ஆரும் கேட்டா, சேலைப் பகுதி எண்டு சொல்லு. நிமிந்து நிண்டு சொல்லு.”

அவ்வளவுதான். படி இறங்கப் போனவர், ஹலீமிடம் திரும்பி, பெயர் அட்டைக்கு முதலெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். அடுத்த வாரமே ந. விதுர்ஷா என்று புது அட்டை வந்தது. இப்போது மாளிகையில் எல்லோருக்கும் முதலெழுத்து உண்டு.

கலியாணத்துக்கு முழுக் குடும்பமும் போனது. அரக்குச் சிவப்புக் கூறையில் பொம்பிளையை விதுர்ஷா கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். சபையில் தாய்மாமனுக்குரிய இடத்தில், பட்டு வேட்டியோடு, அருமைநாயகம் நிமிர்ந்து இருந்தார். சுவிஸிலிருந்த மற்றத் தாய்மாமன் இந்த முறை விழித்திருந்து தொலைபேசியில் வந்து, தன் இடத்தில் இருப்பவர் யார் என்று கேட்டார். விளக்கம் சொல்ல அன்னப்பூரணிக்கு நேரம் போதவில்லை.

இனி ஊர்ப்பேச்சு. அருமைநாயகம் வண்ணக்கர் பட்டணத்துப் புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், வாசலில் நின்று ஆட்களுக்கு வழி காட்டுகிறார், மத்தியானத்துக்குப் பிறகு சேலை மடிக்கிறார், கடைக்காரர் சீருடையாக வேட்டி கொடுத்திருக்கிறார் என்று செட்டிபாளையம் முதல் களுதாவளை வரை பேசுகிறார்கள். அவர் எந்தக் கடையிலும் வேலைக்குச் சேரவில்லை. வேட்டி தங்கை கொடுத்தது. அவர் சேலையின் ஒரு நுனியைப் பிடித்தார். மற்ற நுனியைப் பிடித்தவள்தான் அங்கே வேலை செய்கிறாள். அவருடைய மருமகள், ந. விதுர்ஷா, சேலைப் பகுதி.